அந்தச் சூப்பில் எலும்பு இல்லை

தம்பி,

புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை, நம் குடும்பத்து உபய நாளில், தோட்டத்துக் கோயில் சமையல் கொட்டகையில் நீ சமைத்து வைத்திருந்த பயறு சூப்பை என் அண்ணன், அதாவது உன் தாய்மாமன், ஆள் வைத்துத் தூக்கிக் கால்வாயில் கொட்டினார். அதில் ஆட்டெலும்பு போட்டிருக்கிறாய் என்று சொல்லிக் கொட்டினார். அதில் எலும்பு இல்லை. கச்சாங் மேரா என்று நாம் சொல்லும் சிவப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை, பட்டாணி, தட்டப்பயறு, இவைதான் இருந்தன. கோயில் தலைவரான அவர் செய்தார் என்பதால் தவறு சரியாகிவிடாது. என் கூடப் பிறந்தவர் செய்தார் என்பதால் நான் வாயை மூடிக்கொள்ளவும் முடியாது. விரத நாளில் சாமி வாசலில் மாமிசம் சமைத்தவன் என்ற பெயரை உன் தலையில் வைத்துவிட்டு, இன்றுவரை யாரும் அதை இறக்கி வைக்கவில்லை. இதுதான் நடந்தது. இதைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

உனக்கு எழுதுவதை ஏன் ஊர் படிக்க எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். கொட்டியது ஊர் பார்க்கத்தானே. கோலசிலாங்கூரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய், பார்த்ததைச் சொல்லியிருப்பார்கள். பார்க்காததையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் இந்தக் கடிதமும் போகட்டும். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. கடையில் சாமான் மடித்துத் தந்த பத்திரிகைத் தாள்களைப் பிரித்துப் பிரித்து வாசித்து எழுத்துக் கற்றுக்கொண்டவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்வதில் பிழை இல்லை.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாண வீட்டில் இருந்துகொண்டு இப்படியெல்லாம் எழுதலாமா என்று உன் அப்பாவே கேட்கிறார். நானும் தீபாவளிவரை பொறுத்துத்தான் பார்த்தேன். போன வாரம் கவிதா புக்கிட் செந்தோசாவிலிருந்து கூப்பிட்டாள். பத்திரிகை அடிப்பதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

“அத்தை, ஒன்னு சொன்னா அவருகிட்ட கேக்கக்கூடாது. சூப்பு சட்டிய எடுத்து அலமாரி மேல கவுத்து வச்சிட்டாரு. அன்னைலருந்து தொடவே இல்ல. சண்டே ஆனா ஃபிரண்ட்ஸுங்க போன் அடிக்கிறாங்க, எடுக்கவே மாட்றாரு. எனக்குப் பயமா இருக்கு அத்தை.”

“சூப்பு வைக்கலன்னா என்னம்மா பயம்? கடையில வாங்கிக் குடிங்க.”

“சூப்புக்கு இல்ல அத்தை. சூப்பு வைக்காத ஆள எனக்கு யாருன்னே தெரியல.”

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் சரியாகத்தான் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன். அண்ணன் கொட்டியது ஒரு சட்டி சூப். நீ சமைப்பதை நிறுத்திவிட்டால், இனி வரவேண்டிய எல்லாச் சட்டியையும் அவரே கொட்டியதாக ஆகிவிடும். அதற்கு நான் விடமாட்டேன்.

இந்தச் சூப் எதற்காகப் பிறந்தது என்று அன்று வரிசையில் நின்ற யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், பட்டணத்தில் இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் உட்கார்ந்து ரொட்டியோடு ஒரு கிண்ணம் ஆட்டு சூப் குடித்தால்தான் அவருக்கு அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. எலும்பை உறிஞ்சி, மேசையில் தட்டி, மறுபடி உறிஞ்சுவார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது. இதய நோய் வந்தபின் ஆட்டிறைச்சியும் எலும்புச் சாறும் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றது. அவருக்குச் சாப்பாட்டின் மேலேயே ஆசை போய்விட்டது. எதை வைத்தாலும் சாப்பிட்டார். எது என்று பார்க்காமல் சாப்பிட்டார். நீ புஞ்சாக் ஆலாமில் கிடங்கு வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவில் வந்திருந்தபோது, அவர் ரொட்டியைச் சாம்பாரில் தோய்த்துத் தோய்த்து, வாயில் வைக்காமலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்ததைப் பார்த்தாய். அடுத்த லீவுக்கு வந்தபோது காரின் பின்னால் ஒரு பெரிய சட்டியும் விதவிதமான பயறுப் பொட்டலங்களும் இருந்தன.

சிறு வயதில் பட்டாணியைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வேலி கட்டியவன் நீ. நீயா பயறு சமைக்கப் போகிறாய் என்று சிரித்தேன். சிரித்ததற்கு ஏற்ற மாதிரிதான் முதல் சூப்பும் இருந்தது. தோல் தனியாக, தண்ணீர் தனியாக மிதந்தது. உப்பை முதலிலேயே போட்டுவிட்டாய், கொண்டைக்கடலை கோலிக்குண்டாகவே நின்றது. அப்பா ஒரு கரண்டி குடித்துவிட்டு, “சூடா இருக்கு” என்றார். அவ்வளவுதான் பாராட்டு. வேறு பிள்ளையாக இருந்தால் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கும். நீ மறுபடி வந்தாய், மறுபடியும் வந்தாய். நிறத்துக்கும் கனத்துக்கும் கச்சாங் மேரா, கடித்துச் சாப்பிடக் கொண்டைக்கடலை, மண் வாசனைக்குத் தட்டப்பயறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருப்பதைக் கண்டுபிடித்தாய். உடைத்த பட்டாணிப் பருப்பை மட்டும் முன்னாலேயே குழைய வேகவைத்து, கரைந்து காணாமல் போகும்படி விட்டாய். அந்தக் கரைந்த பருப்புதான் சூப்புக்கு உடம்பு என்று நீ சொன்னபோது நான் உன்னை நிமிர்ந்து பார்த்தேன். நான் எத்தனையோ வருடம் பருப்பு வேகவைத்தவள். எனக்கு அது தோன்றியதில்லை.

ஊறவைத்த தண்ணீருக்காக நாம் போட்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். நீ அந்தத் தண்ணீரைக் கொட்டினாய். சத்தெல்லாம் போகிறது என்று நான் கத்தினேன்.

“அம்மா, கச்சாங் மேரா ஊறுன தண்ணி ஆகாதும்மா. ஊத்திட்டு, புதுத் தண்ணி வச்சு நல்லா தளதளன்னு கொதிக்க விடணும். அரைவேக்காட்டுல தின்னா வயிறு கெட்டுடும்.”

“நாங்கல்லாம் பயறு திங்காம காத்து குடிச்சா வளந்தோம்? போடா.”

நீ போனபின் நான் என் முறைப்படி, ஊறிய தண்ணீரோடு, சிறு தீயில் வைத்தேன். பல்லுக்குப் பதமாக இருக்கும்போதே இறக்கியும் விட்டேன். அன்று நானும் உன் அப்பாவும் பட்ட பாட்டை விளக்க வேண்டாம். வீட்டில் இருப்பது ஒரு கழிவறை. கடைக்காரன் பழைய பயறைக் கொடுத்துவிட்டான் என்றுதான் நான் உன்னிடம் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஊறிய தண்ணீரைச் சேர்த்ததில்லை.

எல்லாம் கூடி வந்தும் அப்பாவுக்கு அது பயறுக் கஞ்சியாகத்தான் இருந்தது. ஆட்டு சூப்பின் வாசம் ஆட்டில் மட்டும் இல்லை, பாதி அந்த மசாலா முடிச்சில் இருக்கிறது என்று உன் அறைத்தோழன் அஸ்மான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தான். கிளந்தான்கார மலாய்ப் பிள்ளை, நம் வீட்டில் வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ, கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வைத்துக் கட்டி, சட்டியில் மிதக்க விடுவது. அவன் கட்டிக் காட்டினான். நீ அதோடு நிற்கவில்லை. சின்ன வெங்காயத்தைக் கருகாமல் செம்பழுப்பாக வதக்கினாய். காய்ந்த காளானை ஊறவைத்து அந்தச் சாற்றை மட்டும் ஊற்றினாய். இறக்கியபின் கொத்தமல்லி போலிருக்கும் சூப் இலையும் பொரித்த வெங்காயமும் தூவினாய். அன்று உன் அப்பா இரண்டு ரொட்டி சாப்பிட்டார். முடித்துவிட்டு மேசையைத் தட்டினார். உறிஞ்ச எலும்பு ஏது? வெறும் கரண்டியால் தட்டினார். எனக்குப் பிடிக்காத அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன் எதிரில் நான் உன்னைப் புகழ்ந்ததில்லை. பிள்ளையை முகத்துக்கு நேரே புகழக்கூடாது என்பது என் கொள்கை. இது கடிதம், முகம் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். நீ சட்டி முன்னால் நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். கொதி வந்ததும் மேலே கட்டும் நுரையைப் பதறாமல் எடுப்பாய். மூடியைத் திறந்து திறந்து பார்க்கமாட்டாய், சத்தத்தை வைத்தே தீயைக் குறைப்பாய். ஒரு பயறை எடுத்து விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்து, உப்பைக் கடைசியில்தான் போடுவாய். நான் எல்லோருக்கும் ஒரே சாம்பார் வைப்பவள், பிடித்தால் சாப்பிடு என்பவள். நீ அப்படி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பல் பிடுங்கிவிட்டு வந்தபோது பட்டாணியை மட்டும் மசித்து, வடிகட்டி, மிளகு தொடாமல் கொண்டுபோய்க் கொடுத்தாய். கவிதாவுக்குப் பச்சைப் பட்டாணியும் புதினாவும் உருளைக்கிழங்கும். ஞாயிற்றுக்கிழமை உன் அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு, வயிறு நிறைய வேண்டுமே என்று, மக்ரோனியும் கச்சாங் மேராவும். எவன் எப்படிப் பசித்திருக்கிறான் என்று பார்த்துச் சமைக்கிறவன் நீ. இது என்னிடமிருந்து வரவில்லை. உன் அப்பாவிடமிருந்தும் வரவில்லை. நீயாகத் தேடிக்கொண்டது.

அதனால்தான் இந்த வருட உபயத்துக்கு நீ சூப் தருகிறேன் என்றபோது நானே முன்னால் நின்றேன். புரட்டாசியில் பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். வயதானவர்கள் நனைந்துகொண்டு வருவார்கள். சாமிக்குப் புளியோதரையும் சுண்டலும் படைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சூடாக ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் கொடுப்பதில் என்ன குற்றம்? அண்ணனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

“கோயில்ல சூப்பாம்ல. அடுத்த வருசம் ரொட்டி சானாய் வீசுவான். என்னாடா மாப்ள, இது என்ன மாமாக் கடையா?”

“பயறுதான் மாமா. சுண்டல்ல போடறதுதான். இதுல தண்ணி கொஞ்சம் கூட.”

“அப்ப பொட்டலம் மடிச்சு, கச்சாங் பூத்தேன்னு தெருவுல கூவி வில்லு. எதுக்குடா ஊரக் கூட்டிக்கிட்டு?”

நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். விடியற்காலையிலேயே வந்து, கோயில் சட்டி எதையும் தொடாமல், நீ வாங்கிய புதுச் சட்டியில், குளித்த ஈரத்தோடு சமைத்தாய். பூஜை முடிந்தது, மழையும் பிடித்தது, வரிசையும் நின்றது. முதல் கிண்ணம் உன் அப்பாவுக்கு. இரண்டு வாய் குடித்தார். அந்த மனிதர் வாழ்க்கையில் சத்தமாகப் பேசியது குறைவு. அன்று பார்த்து, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, “டேய், இது சூப் கம்பிங்லா! அசல் சூப் கம்பிங்!” என்றார். வரிசை சிரித்தது. அவர் உன்னைப் பாராட்டினார் தம்பி. ஆட்டு சூப் போலவே இருக்கிறது என்பதைத் தவிர வேறு எந்தப் பாராட்டும் அவரிடம் இல்லை.

அது அண்ணன் காதில் விழுந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். சட்டிக்குள் மூக்கை நீட்டினார். கரண்டியை வாங்கி அடியில் விட்டுத் தூக்கினார். பழுப்பேறிய சாறு சொட்டச் சொட்ட, உருண்டையாக, கட்டிய துணி மேலே வந்தது. ஆட்டு சூப்பைக் கடையில் மட்டுமே குடித்தவர், வைத்துப் பார்க்காதவர். துணியில் கட்டிப் போட்டால் அது எலும்பாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார்.

“எலும்ப முடிஞ்சு போட்டிருக்கான்யா! பெருமாள் வாசல்ல, புரட்டாசி சனிக்கிழம! மச்சான், குடிக்காதீங்க, துப்புங்க!”

உன் அப்பா துப்பவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தில் இருந்ததை முழுக்கக் குடித்து முடித்தார். நான் அவருக்குக் கழுத்தை நீட்டியதற்கு அன்றுதான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் அதற்குள் அண்ணன் இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டு, சாக்குத் துணியால் பிடித்துத் தூக்கச் சொல்லி, சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் சாய்த்துவிட்டார். “அவுத்துப் பாருங்க மாமா” என்று நீ சொன்னாய். ஒரே ஒரு முறை சொன்னாய். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டதே.

முடிச்சைக் கால்வாய் ஓரத்திலிருந்து நான்தான் எடுத்தேன். வரிசைக்கு நடுவே நின்று, பல்லால் கடித்து அவிழ்த்து, உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். பட்டை, அன்னாசிப்பூ, ஏலம். பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணனும் பார்த்தார்.

“சரி, இல்ல. அதுக்கு என்னா இப்ப? சந்தேகம் வந்துச்சு, கொட்டுனேன். சாமி காரியத்துல சந்தேகம் வந்தாலே தப்புதான் தங்கச்சி.”

“சந்தேகம் வந்தா அவுத்துப் பாக்கணும்ணே. கொட்டிட்டா பாப்பாங்க?”

“பொம்பள, நீ சும்மா இரு. கோயில்ல சத்தம் போடாத.”

அன்று நான் சும்மா இருந்தது கோயிலுக்காக. அவருக்காக இல்லை.

நீ என்ன செய்தாய் தெரியுமா? குழாயை இழுத்துவந்து, பயறு அடைத்துக்கொள்ளாதபடி கால்வாயைக் கழுவிவிட்டாய். சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாய். மாமாவிடம் போய், “ரொட்டி இருக்கு மாமா, சுண்டலோட குடுத்துடுங்க” என்றாய். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் உன் முதுகில் ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது. காரில் போகும்போது கேட்டேன், ஏன்டா வாய் திறக்கவில்லை என்று. “மாமாதானம்மா என்ன மோட்டார்சைக்கிள்ல வச்சு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனாரு. மழ பேஞ்சா அவரு ரெயின்கோட்ட எனக்குத்தான் போட்டு விடுவாரு” என்றாய். உண்மைதான். அப்பா லோரியோடு விடியலில் போய்விடுவார், தோட்டத்துக்குள் பஸ் வராது. அண்ணன் நனைந்துகொண்டே உன்னைக் கொண்டுபோய் விட்டார். அதை நான் மறக்கவில்லை, அவருக்கு அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் ஒருவர் முன்பு செய்த நல்லது, பின்பு செய்த தவறைத் துடைக்கும் துணி ஆகாது. நன்றியை நன்றியாக வை. இதை இதுவாக வை.

தீபாவளிக்கு மறுநாள் அண்ணன் வீட்டுக்கு வந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, “கல்யாணத்துக்கு நான் வரட்டுமா, வேணாமா? ஒரு முடிவாச் சொல்லிடு” என்றார்.

“தாய்மாமன் இல்லாம நலங்கா? வாங்க. வர்றதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாங்க.”

“மாப்ளைக்கு ஒரு சங்கிலி எடுத்து வச்சிருக்கேன்.”

“அவன் சங்கிலியக் கேக்கலண்ணே. சூப்புல என்ன இருந்துச்சுன்னு சொல்லச் சொல்றேன்.”

“நீ செத்தாலும் மாறமாட்ட.”

“நீங்களும்தான். ஒரே வயித்துலதான பொறந்தோம்.”

அவர் பாதி முறுக்கை வைத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, “அவன் சமைக்கிறானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் செருப்பைத் தேடுவதுபோல் நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது. அவரும் கல் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாசலில் நின்று வருந்துவது போதாது. எங்கே தவறு செய்தாரோ அங்கே போய் வாயால் சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆகிறவனுக்கு எல்லோரும் பொறுத்துப்போ, விட்டுக்கொடு என்றுதான் புத்தி சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். நீ பிறந்ததிலிருந்தே பொறுத்துப் போகிறவன், அதை இன்னும் உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. கவிதாவிடம் உனக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல். அவள் உன்னைத் தவறாக நினைத்தால் அன்றைக்கே திருத்து. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைப்பது பொறுமை ஆகாது. உனக்குக் கோபம் வந்திருக்கிறது. அது உனக்கே தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. உன் கோபத்தை மாமா மேல் காட்டாமல் சூப்பின் மேல் காட்டுகிறாய். அந்தச் சூப் உனக்கு என்ன கெடுதல் செய்தது? அப்பா இப்போது மறுபடி சாம்பாரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருக்கிறார். தன் வாயால்தான் இந்த வினை வந்தது என்று நினைக்கிறார். பாராட்டியதற்காக ஒரு மனிதர் தன் வாயை நொந்துகொள்ளும்படி ஆகிவிட்டது. உன் சட்டி அடுப்பில் ஏறாதவரை அவர் அப்படியேதான் இருப்பார்.

ஆகவே இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் ஒன்றையும் நான் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

என் அண்ணன், நலங்குக்கு முன் வரும் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து ஜனங்கள் கலையும் முன்னே, தன் வாயால் சொல்ல வேண்டும்: அதில் எலும்பு இல்லை, நான் அவிழ்த்துப் பார்க்காமல் கொட்டினேன். இந்த இரண்டு வாக்கியம் போதும். சந்தேகம் வந்தது என்றோ, நடந்தது நடந்துபோச்சு என்றோ சேர்க்கக்கூடாது. சங்கிலி அவர் விருப்பம், அதை இதற்கு ஈடாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சொன்னபின் அவர் வந்து தாய்மாமன் இடத்தில் நிற்கட்டும். அவர் சொல்லாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். வேறு ஒருவரை நான் அங்கே நிறுத்தமாட்டேன், அது அவருடைய இடம்.

கோயில் நிர்வாகத்தார், யார் கொண்டுவந்த உணவாக இருந்தாலும், சமைத்தவரைக் கேட்டு, திறந்து பார்த்த பிறகே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அடுத்த புரட்டாசியில் மூன்றாம் சனிக்கிழமை உபயம் எங்களுடையது. அதே கொட்டகை, அதே அடுப்பு, அதே சூப். சட்டியைத் தூக்கிய இரண்டு பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெரியவர் சொன்னார், செய்தார்கள். நலங்கன்று அவர்கள் வந்து தண்ணீர் சுமக்கட்டும்.

உன் அப்பா அன்று கொட்டகையில் பேசிய அதே குரலில், அந்தச் சூப் யாருக்காக, ஏன் அப்படி ருசிக்கிறது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டால் நான் பக்கத்தில் நிற்கிறேன். அஸ்மான் நலங்கன்று காலையிலேயே வர வேண்டும். முடிச்சு கட்டுவதை உறவுப் பெண்கள் எல்லோரும் பார்க்கும்படி நடு வீட்டில் உட்கார்ந்து கட்ட வேண்டும். கவிதா, நீ இதைப் படித்தவுடன் அவன் அறைக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி அந்தச் சட்டியைக் கீழே இறக்கு. அவனிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

நீ, தம்பி, நலங்குக்கு முதல் நாள் நம் வீட்டில் பயறு ஊறப்போட வேண்டும். மறுநாள் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நீயே சமைக்க வேண்டும். மாப்பிள்ளை அடுப்படியில் நிற்கலாமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு. மறுபடி யாரும் சந்தேகப்படக் கூடாது என்று வெங்காயத்தைக் குறைத்து வதக்குவதோ, காளான் சாற்றை விட்டுவிடுவதோ, கொஞ்சம் சப்பென்று வைப்போம் என்று நினைப்பதோ கூடாது. முன்பு எப்படி ருசித்ததோ அப்படியே ருசிக்க வேண்டும். வரிசையில் உன் மாமா வருவார். அவர் கிண்ணத்தை நீட்டும்போது, சட்டியின் அடிவரைக்கும் கரண்டியை விட்டு, பயறு நிறைய வரும்படி ஊற்ற வேண்டும். அவருக்கு மட்டும் மேலாகத் தண்ணீரை அள்ளி ஊற்றினாயென்று தெரிந்தால், நான் உன்னையும் விடமாட்டேன்.

அம்மா